கப்பிங் செய்தால் எதிர்ப்பு சக்தி கூடுமா?

கேள்வி: எனக்கு 37 வயது. வருடத்துக்கு நான்கைந்து முறை சளி பிடித்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இருமல் அடங்க இரண்டு வாரம் ஆகிறது. என் அண்ணி ஒரு வருடமாக மாதம் ஒருமுறை முதுகில் கப்பிங் (தோல்மேல் கப்பை வைத்து, காற்றை இழுத்து உறிஞ்சவைக்கும் முறை) செய்துகொள்கிறார். அதற்கப்புறம் தனக்குச் சளியே வரவில்லை, எதிர்ப்பு சக்தி கூடிவிட்டது என்கிறார். கையால் பம்ப் செய்யும் கப் செட் ஒன்றை எனக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் வைக்கலாம்? கீறி ரத்தம் எடுக்கும் முறை இன்னும் நல்லது என்கிறார்களே, உண்மையா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் என் அப்பாவுக்கும், அடிக்கடி சளி பிடிக்கும் என் 8 வயது மகளுக்கும் செய்யலாமா?

பதில்: முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பு சக்திக்காக என்றால் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். அப்பாவுக்கும் மகளுக்கும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். தோள்பட்டை இறுக்கம், முதுகுவலி என்று நீங்கள் மட்டும் பயன்படுத்த விரும்பினால் அது வேறு விஷயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் அண்ணி சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் பெரியவர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை சளி பிடிப்பது சராசரி. ஒரு வருடம் ஐந்து முறை வரும், அடுத்த வருடம் ஒன்றுகூட வராது. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா, எத்தனை பேரோடு நெருங்கிப் பழகுகிறோம், அந்தப் பருவத்தில் எந்த வைரஸ் சுற்றுகிறது என்பதையெல்லாம் பொறுத்தது அது. ஒருவருடைய ஒரு வருட அனுபவத்தை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

கப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பம்பை இரண்டு மூன்று முறை இழுத்ததும் தோல் மேடாக எழும்பிக் கப்புக்குள் ஏறும். முதலில் இளஞ்சிவப்பு, சில நிமிடங்களில் கருஞ்சிவப்பு. மேலே உள்ள வால்வைத் தூக்கினால் ‘உஸ்’ என்று காற்று நுழைந்து கப் விடுபடும். தோலில் வட்டமான ஒரு தடம் நிற்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்தது இதே தடத்தைத்தான். அது ரத்தக்கட்டு. உறிஞ்சும் விசையில் தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சில உடைந்து, சிவப்பணுக்கள் வெளியே கசிந்திருக்கின்றன.

கசிந்த ரத்தத்தை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் அங்கே வருகின்றன. அவை சிவப்பணுக்களை விழுங்கி, உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினை உடைக்கின்றன. அதில் முதலில் பச்சை நிறமுள்ள பிலிவெர்டின் உருவாகும், பிறகு மஞ்சள் நிறமுள்ள பிலிருபின். கப்பிங் தடம் ஊதாவிலிருந்து பச்சையாகி, மஞ்சளாகி மறைவதற்கு இதுதான் காரணம். கதவில் இடித்துக்கொண்ட காயமும் இதே வரிசையில்தான் நிறம் மாறும். இந்த வேலையைச் செய்யும் ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதிக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு. கப்பிங்கால் வலி குறைவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கருத்து சுவாரசியமானது, நம்பத்தகுந்ததும்கூட. ஆனால் இன்னும் நிரூபணமாகவில்லை.

ஆக, கப் வைத்த இடத்தில் எதிர்ப்பு அணுக்கள் சுறுசுறுப்பாவது உண்மை. தவறு நடப்பது அடுத்த படியில். அங்கே நடப்பது பழுது பார்க்கும் வேலை. தெருவில் குழாய் உடைந்து, அதைச் சரிசெய்ய ஆட்கள் வந்து நின்றால், ஊருக்குக் காவல் பலமாகிவிட்டது என்று சொல்வோமா? சளி வைரஸ் நுழைவது மூக்கின் சவ்வில். அதைத் தடுக்க, அந்த வைரஸை அடையாளம் தெரிந்த ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதமும், டி செல்கள் என்ற வெள்ளணுக்களும் வேண்டும். முதுகில் ரத்தம் கட்டுவதால் அந்த அடையாளம் யாருக்கும் தெரிந்துவிடாது. கப்பிங் செய்துகொண்டவர்களுக்குச் சளியோ வேறு தொற்றோ குறைவாக வந்தது என்று காட்டும் நம்பகமான ஆய்வு எதுவும் இல்லை. கப்பிங்குக்குப் பிறகு ரத்தத்தில் ஏதோ ஓர் அளவு ஏறியது, இறங்கியது என்று சொல்லும் சிறிய ஆய்வுகள் உண்டு. அளவு மாறுவது வேறு, நோய் வராமலிருப்பது வேறு.

தோலை உறிஞ்சி எதிர்ப்பு சக்தியைத் தூண்டலாம் என்பதற்கு ஆதாரமாகச் சிலர் ஓர் ஆராய்ச்சியைச் சொல்வார்கள். அது உண்மையான ஆராய்ச்சிதான், எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் தென்கொரியாவின் ஜீன்ஒன் லைஃப் சயன்ஸ் நிறுவனமும் சேர்ந்து செய்து 2021இல் வெளியிட்டது. எலிகளின் தோலில் கொரோனாவுக்கான டிஎன்ஏ தடுப்பூசியை (வைரஸின் அடையாளத்தை டிஎன்ஏ வடிவில் செல்களுக்குக் கொடுக்கும் ஊசியை) போட்டு, போட்ட இடத்தில் உடனே உறிஞ்சு கருவியை வைத்தார்கள். ஊசி மட்டும் போட்ட எலிகளைவிடச் சுமார் 100 மடங்கு அதிகமாக எதிர்ப்பு ஆற்றல் உருவானது. தோல் இழுபடும்போது, அங்குள்ள செல்கள் டிஎன்ஏவைக் கூடுதலாக உள்ளே வாங்கிக்கொள்கின்றன. தோல் இதற்கு ஏற்ற இடமும்தான். நம் தோலில் சுமார் 2,000 கோடி டி செல்கள் இருக்கின்றன, ரத்தத்தில் ஓடுவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் அந்த எலிகளுக்கு வைரஸை அடையாளம் காட்டியது தடுப்பூசி. உறிஞ்சல் அதை உள்ளே சேர்க்க உதவியது, அவ்வளவுதான். வெறும் கப்பை வைத்தால் உள்ளே சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். எதிர்ப்பு சக்தி கூடக்கூட நல்லது என்பதே சரியான எண்ணமில்லை. முடக்கு வாதம், சொரியாசிஸ், லூபஸ் எல்லாம் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்குவதால் வருபவை. அலர்ஜியும் அது தேவையில்லாமல் துள்ளுவதுதான். நீங்கள் ‘சளி’ என்று எழுதியிருப்பதில் காய்ச்சல், தொண்டைவலி உண்டா என்று குறிப்பிடவில்லை. காய்ச்சலே இல்லாமல் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, தண்ணீராக மூக்கொழுகல், தூசியிலோ விடியற்காலையிலோ அதிகமாவது என்று இருந்தால், உங்களுக்கு இருப்பது சளி இல்லை, அலர்ஜி. எதிர்ப்பு சக்தி குறைவு என்று நினைத்து வருபவர்களில் பலருக்கு உண்மையில் இதுதான். இதற்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே போன்ற நல்ல மருந்துகள் இருக்கின்றன. நீளும் இருமலுக்குப் பின்னால் ஆஸ்துமாவும் ஒளிந்திருக்கலாம். மருத்துவரிடம் இதை முதலில் கேளுங்கள்.

அடுத்து, கீறி எடுக்கும் முறை. ஹிஜாமா என்று பலர் அறிந்தது இது. கப்பை வைத்து எடுத்த இடத்தில் பிளேடால் மெல்லக் கீறி, மறுபடி கப்பை வைத்து ரத்தத்தை இழுப்பார்கள். கப்பில் சேர்ந்த ரத்தம் கறுத்து, குழகுழவென்று கெட்டியாக இருக்கும். அதைக் காட்டி ‘பாருங்கள், கெட்ட ரத்தம்’ என்பார்கள். பார்ப்பவர்களுக்கு நம்பத்தான் தோன்றும். உடலைவிட்டு வெளியே வந்த எந்த ரத்தமும் சில நிமிடங்களில் உறையும், அதனால்தான் அந்தக் கெட்டி. ஆக்சிஜன் குறைந்த ரத்தம் கருஞ்சிவப்பாகத் தெரியும், அதனால்தான் அந்த நிறம். உடலில் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று இரண்டு தனித்தனியாக ஓடுவதில்லை. கழிவைப் பிரிக்கும் வேலை சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் உரியது. சிறுநீரகங்கள் மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. முதுகில் எடுக்கும் சில மில்லி ரத்தத்தோடு வெள்ளணுக்களும் ஆன்டிபாடிகளும் இரும்புச் சத்தும் சேர்ந்தேதான் வெளியே போகின்றன.

இதில் ஆபத்தும் அதிகம். தோல் என்பதே நமது முதல் தடுப்பு. அதில் பல கீறல்கள் போட்டுவிட்டு, எதிர்ப்பு சக்திக்காகச் செய்தோம் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கருவிகள் சரியாகச் சுத்தம் செய்யப்படாவிட்டால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவலாம். அடிக்கடி செய்துகொண்டு ரத்தசோகை வந்தவர்களும் உண்டு. உங்கள் அண்ணி செய்துகொள்வது இந்த முறை என்றால், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சத்து இருப்பைக் காட்டுவது), ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளை ஒருமுறை செய்துகொள்ளச் சொல்லுங்கள். ரத்த தானம் செய்பவராக இருந்தால் ரத்த வங்கியிடம் இதைச் சொல்ல வேண்டும். கீறல் போட்டபின் சில மாதங்கள் தானம் செய்யக் கூடாது என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது.

சரி, சளி குறைய நீங்கள் என்னதான் செய்வது? சளி முழுவதுமாக நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சளி தரும் வைரஸ்கள் 200க்கும் மேல், அதில் ரைனோவைரஸில் மட்டுமே 160க்கும் மேற்பட்ட வகைகள். ஒன்றை உடல் கற்றுக்கொள்வதற்குள் இன்னொன்று வந்துவிடும். ஆனால் குறைக்க வழி உண்டு. நான் முதலில் தூக்கத்தைத்தான் கேட்பேன். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 164 பேருடைய தூக்கத்தைக் கருவி கட்டி அளந்துவிட்டு, அவர்கள் மூக்கில் ரைனோவைரஸ் சொட்டுகளை விட்டார்கள். 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடித்த வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். எதிர்ப்பு சக்திக்கென்று விற்கப்படும் எதற்கும் இவ்வளவு நேரடியான சாட்சியை நான் பார்த்ததில்லை.

வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து வந்ததும் கை கழுவுங்கள். அப்புறம், ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் சர்க்கரை அளவும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை தொற்றுகளை அழைத்துவரும். ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி, வாயில் போகாத வெள்ளைப் பூஞ்சை, காரணமில்லாத எடைக்குறைவு இதில் ஏதாவது இருந்தால்தான் உண்மையிலேயே எதிர்ப்பு சக்திக் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு இம்யூனோகுளோபுலின் (ரத்தத்திலுள்ள ஆன்டிபாடிகள்) அளவு, எச்ஐவி போன்ற பரிசோதனைகள் உள்ளன.

அப்பா விஷயத்தில் நீங்கள் முன்கூட்டியே கேட்டது நல்லதாகப் போயிற்று. வார்ஃபரின், அபிக்ஸபான், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குக் கப் வைத்தால், சின்னத் தடமாக நிற்க வேண்டியது பெரிய ரத்தக்கட்டாகப் பரவலாம். கீறினால் ரத்தம் எளிதில் நிற்காது. ‘இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுச் செய்யலாமே’ என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பக்கவாதத்தையோ மாரடைப்பையோ தடுக்கத்தான் அந்த மாத்திரை. கப்பிங்குக்காக ஒரு வேளைகூட விடக் கூடாது. அவருடைய வயதுக்கு ஃப்ளூ தடுப்பூசியோடு, நிமோனியா தரும் பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியும் தேவையா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

மகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு வருடத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி வருவது சகஜம். ஒவ்வொரு சளியிலும் அவர்கள் உடல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறது, வளர வளரக் குறையும். நன்றாகச் சாப்பிட்டு, விளையாடி, எடை கூடிக்கொண்டிருந்தால் போதும். குழந்தையின் தோல் மெல்லியது, எளிதில் கொப்பளிக்கும். தடுப்பூசி அட்டையில் விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக, தோள்பட்டை இறுக்கத்துக்கு அந்த செட்டைப் பயன்படுத்துவது பற்றி. நாள்பட்ட கழுத்துவலி, முதுகுவலிக்குக் கப்பிங் கொஞ்சம் ஆறுதல் தரலாம் என்பதற்குச் சான்று உண்டு, வலுவான சான்று என்று சொல்ல மாட்டேன். கீறாத முறை மட்டும். சதைப்பற்றான இடத்தில் வையுங்கள். முதுகெலும்பின் மேலும், கழுத்தின் முன்பக்கமும், தலையிலும், புடைத்த நரம்பு, மச்சம், புண் இருக்கும் இடத்திலும் வேண்டாம். தலையில் செய்து மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்ட நிகழ்வுகள் அரிதாகப் பதிவாகியிருக்கின்றன. பம்ப் இரண்டு முறை இழுத்தால் போதும். தோல் இறுகுவது தெரியலாம், வலிக்கக் கூடாது. முதல்முறை 5 நிமிடம், எப்போதுமே 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கப்போடு தூங்கிவிடக் கூடாது, நேரம் நீண்டால் கொப்புளம் எழும். தடம் முழுதும் மறையும்வரை அதே இடத்தில் மறுபடி வைக்காதீர்கள். வைத்துக்கொண்டே இருந்தால் இரும்புப் படிவு தங்கிக் கறுப்பு மாதக்கணக்கில் போகாது. நெருப்புக் கப் வீட்டில் வேண்டவே வேண்டாம், தீக்காயங்கள் அதில்தான் வருகின்றன. கப்பை சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள், யாருக்கும் இரவல் தராதீர்கள்.

சொரியாசிஸ், வெண்புள்ளி, எக்ஸிமா உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. சொரியாசிஸிலும் வெண்புள்ளியிலும் தோல் காயப்பட்ட இடத்திலேயே நோய் புதிதாக முளைக்கும் வழக்கம் உண்டு, கப் வைத்த வட்டத்திலேயே அது வரலாம். கர்ப்பமாக இருந்தாலும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருந்தாலும், காலில் ரத்தம் உறைந்த வரலாறு இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். வைத்த இடத்தில் கொப்புளம், சீழ், பரவும் சிவப்பு, இரண்டு நாள் கழித்தும் கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், கப் வைத்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.