வாசகர் கேள்வி – பதில்: வீட்டு வேலையைப் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: நுண்கலை இறுதியாண்டு மாணவி நான். வீட்டில் அன்றாடம் நடப்பதை வீடியோ, புகைப்படம், ஓவியம் மூன்றிலும் பதிவு செய்கிறேன். அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்றையே மூன்று தடவை சொன்னது போல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வீடு முழுவதையும் எடுக்க நினைக்காதீர்கள். ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்த துணியை மடிப்பது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, கை எந்த வேகத்தில் போகிறது, எங்கே சலிப்புத் தட்டுகிறது என்பதையெல்லாம் வீடியோதான் காட்டும். ஆகவே முக்காலியில் கேமராவை வைத்து, முதல் துணியிலிருந்து கடைசித் துணி வரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். நடுவில் யாரோ கூப்பிட்டு, மடிப்பவர் எழுந்து போனாலும் நிறுத்த வேண்டாம். வேலை இப்படித்தான் துண்டு துண்டாக நடக்கிறது என்பதற்கு அந்தக் காலி இடமே சாட்சி. முடிந்ததும் யாரும் பேசாமல் 30 வினாடி அறையின் ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். படத்தொகுப்பில் ஒலி அறுந்து தெரியும் இடங்களை நிரப்ப அது வேண்டும்.

புகைப்படத்தில் ஆள் இருந்தாக வேண்டும் என்றில்லை. வேலை விட்டுச் சென்ற தடயத்தை எடுங்கள்: சரிந்து நிற்கும் அடுக்கு, ஜோடி சேராத காலுறை, உட்கார்ந்திருந்த இடத்தில் மெத்தையில் விழுந்த பள்ளம். தினமும் ஒரே கோணம் வேண்டுமானால் முக்காலியின் கால்கள் படும் மூன்று இடத்திலும் தரையில் டேப் ஒட்டி, லென்ஸின் உயரத்தை அளந்து குறித்துவையுங்கள். முழுச்சட்டக (full-frame) கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் போதும். அறை சிறிது என்று 20 மி.மீ.க்குப் போனால் ஓரத்தில் இருப்பதெல்லாம் இழுபட்டுப் போகும். ஆளோடு எடுக்கும்போது, வேலை செய்யும் கை இருக்கும் மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் உச்சந்தலைதான் தெரியும், அவரும் சிறுத்துப்போவார்.

ஓவியத்துக்குக் கையை மட்டும் விட்டுவையுங்கள். எந்த விரல் துணியை அழுத்துகிறது, எது சும்மா தொங்குகிறது என்பது வரையும்போதுதான் கண்ணில் படும்.

கேள்வி: ஆனால் கை ஒரு நிலையில் நிற்பதே இல்லையே, எப்படி வரைவது?

பதில்: நிற்கச் சொல்லாதீர்கள், சொன்னால் பாவனை வந்துவிடும். வீட்டு வேலையில் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். ஏ3 தாளில் நான்கைந்து நிலைகளை இடம் விட்டுத் தொடங்கி, ஒவ்வொன்றிலும் மணிக்கட்டின் சாய்வை மட்டும் ஒரு கோடாகப் போடுங்கள். அந்த நிலை மறுபடி வரும்போது அதில் இன்னும் இரண்டு கோடு. பத்துப் பதினைந்து துணி மடிப்பதற்குள் எல்லாமே உருவம் பெற்றுவிடும். 2பி பென்சிலே போதும். 6பி பென்சிலில் கறுப்பு நன்றாக வரும், ஆனால் பக்கம் புரட்டும்போதே தேய்ந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். வீடியோவை நிறுத்திவைத்துப் பார்த்து வரைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் கிடைப்பது உறைந்த ஒரு கணம்தான், அசைவு அல்ல.

கேள்வி: குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த வீடியோவில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறது. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள் வேறு.

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கிறது. ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 என்றால் முழுத் துடிப்புகள் உள்ளே அடங்கிவிடும், கோடு வராது. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120. ஒளியைக் குறைக்கும் திருகு பொருத்திய எல்.இ.டி. விளக்கு என்றால் அதன் துடிப்பே வேறு, முழு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

நிறச் சிக்கல் ஜன்னலால் வருவது. பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700. இரண்டும் ஒரே சட்டகத்தில் விழுந்தால் ரா (RAW) கோப்பில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பில், எடுத்திருந்தாலும் ஒரே திருத்தத்தில் இரண்டையும் சரிசெய்ய முடியாது. பல்பை அணையுங்கள், இல்லையேல் திரையை மூடுங்கள். பிறகு வெள்ளைச் சமநிலையை (white balance) ஓர் எண்ணில் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் ஷாட்டின் நடுவிலேயே நிறம் மாறும்.

கேள்வி: ஒரே ஒரு சூப்பர் 8 கார்ட்ரிஜ் (8 மி.மீ. சினிமா ஃபிலிம் அடைத்த பெட்டி) கிடைத்திருக்கிறது. வீட்டுக்குள் எடுக்கலாமா?

பதில்: 500T ஃபிலிம் (பல்பு வெளிச்சத்துக்கானது) என்றால் ஜன்னலோரம் தைரியமாக எடுக்கலாம். 50D வெயிலுக்கானது, அறைக்குள் இருண்டுவிடும். கார்ட்ரிஜில் உள்ள 50 அடி ஃபிலிம் வினாடிக்கு 18 பிரேம் வேகத்தில் 3 நிமிடம் 20 வினாடி ஓடும், 24இல் இரண்டரை நிமிடம்தான். 18இல் ஷட்டர் சற்று அதிக நேரம் திறந்திருப்பதால் வெளிச்சமும் கூடுதலாகக் கிடைக்கும்.

பல பழைய கேமராக்களில் உள்ளே ஓர் ஆரஞ்சு ஃபில்டர் எப்போதும் குறுக்கே நிற்கும். பல்பு வெளிச்சத்தில் எடுக்கும்போது பல்பு படம் போட்ட சுவிட்சைத் தள்ளி அதை விலக்காவிட்டால் வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு ஸ்டாப் வீணாகும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). இடையில் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். சில பிரேம்கள் புகைந்துபோவது ஒருபுறம், பல மாடல்களில் அடிக்கணக்கு முள்ளும் ஆரம்பத்துக்கே போய்விடும், எவ்வளவு மிச்சம் என்று பிறகு தெரியாது.

கேள்வி: கேமராவை எடுத்தாலே அம்மா தலை வாரப் போய்விடுகிறார்.

பதில்: வாரிக்கொள்ளட்டும், அது அவர் உரிமை. முதல் சில நாட்கள் கேமராவை அணைத்தபடியே முக்காலியில் நிறுத்திவையுங்கள், பழகிவிடும். ஆனால் ஓடும்போது ஓடுகிறது என்று சொல்லிவிடுங்கள். எடுத்ததைக் கண்காட்சிக்குக் கொடுக்கும் முன் அவரிடம் முழுதாகப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்பதை நீக்குங்கள். எடுக்க விட்டது வேறு, ஊருக்குக் காட்டச் சம்மதிப்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.