விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணும் நான் வைத்த பூண்டும்

“காலில் லேசாகச் சேற்றுப்புண் வந்திருக்கிறது, மருந்து இல்லாமல் வீட்டு வைத்தியத்திலேயே ஆற்றிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெளுத்து ஊறிப்போய், காலுறையைக் கழற்றிய மறுகணம் சொறியத் தோன்றும் நிலையில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பூஞ்சையால் வரும் இது பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் தொடங்கும்.

எனக்கும் அங்கேதான் தொடங்கியது. பூண்டு பூஞ்சையைக் கொல்லும் என்று எங்கோ படித்துவிட்டு, இரண்டு பல்லை நசுக்கி இடுக்கில் வைத்து, துணியால் கட்டிக்கொண்டு படுத்தேன். எரிந்தது. எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று பொறுத்துக்கொண்டு, காலையில் கட்டை அவிழ்த்தபோது, தீப்பட்டதுபோல் ஒரு கொப்புளமும் அதன்மேல் ஒட்டிய பூண்டுச் சருகும்தான் இருந்தன. நான் படித்தது பொய்யல்ல. ஆனால் ஆய்வுகளில் பயன்பட்டது பூண்டிலிருந்து கிடைக்கும் அஜோயீன் என்ற பொருள் கலந்த களிம்பு. பச்சைப் பூண்டை நேரடியாக வைத்தால் தோல் வெந்துவிடும்.

இதற்காக என்னை இயற்கை வைத்தியத்தின் எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய்க்கு (ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது, நாம் குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் உறவில்லை) ஓரளவு ஆதாரம் உண்டு. 1992இல் வெளியான ஓர் ஆய்வில் 10 சதவீதக் களிம்பு அரிப்பைக் குறைத்ததே தவிர, பூஞ்சையை நீக்குவதில் மருந்தில்லாத வெறும் களிம்பை விஞ்சவில்லை. 2002இல் வந்த ஆய்வில் 25, 50 சதவீதக் கரைசல்களை நாளுக்கு இருமுறையாக நான்கு வாரம் பூசியவர்களுக்குப் பலன் தெரிந்தது, சிலருக்குத் தோல் அழற்சியும் வந்தது. அரிப்பு அடங்குவது வேறு, பூஞ்சை போவது வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உறைத்தும் இன்னொரு தவறு செய்தேன். கடையில் எடுத்துக் கொடுத்த கலவைக் களிம்பைப் பூசியதும் இரண்டே நாளில் அரிப்பு நின்றது. மூன்று வாரத்தில் புண் பாதத்தின் ஓரம்வரை படர்ந்திருந்தது. அதில் அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும் ஸ்டீராய்டு இருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை என்ற கோபம் இன்றும் தீரவில்லை.

கடைசியில் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு கலக்காத டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்பும், குளித்தபின் தனித் துண்டால் ஒவ்வோர் இடுக்கையும் ஈரம் போகத் துடைத்ததும், ஒரே காலணியை அடுத்தடுத்த நாள் அணியாததும்தான் கைகொடுத்தன. உள்ளாடைக்கு முன்பே காலுறையை மாட்டச் சொன்னார். இல்லாவிட்டால் பூஞ்சை தொடையிடுக்குக்கு ஏறிவிடுமாம். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, புண் வெடித்து நீர் வடிந்தாலோ, வீட்டில் எதையும் பூசிப் பார்க்காமல் நேராக மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.