பேட்ச் வரிசையை மாற்றுவது எப்படி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கமிட்டுகளை (பதிந்த மாற்றங்களை), பட்டியலைத் திருத்தி மறுபடி ஏற்றும் இன்டராக்டிவ் ரீபேஸில் இடம் மாற்றினேன். ஆனாலும் முரண் வருகிறது. ஏன்?

பதில்: தொடர்பில்லை என்பது உங்களுக்குத் தெரியும், கிட்டுக்குத் தெரியாது. அது பார்ப்பது வரிகளை மட்டுமே. ஒரு பட்டியலின் கடைசியில் முதல் கமிட் ஒரு வரியைச் சேர்க்கிறது, இரண்டாவது கமிட் அதன் அடியில் இன்னொரு வரியைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை முன்னால் கொண்டுவந்தால், அது எந்த வரிக்கு அடியில் ஒட்ட வேண்டுமோ அந்த வரியே அப்போது கோப்பில் இராது. எனவே எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் கிட் நின்றுவிடுகிறது; அதுதான் முரண். அதைத் தீர்த்துவிட்டு முதல் கமிட்டைப் பின்னால் வைக்கும்போது, அதே இடத்தில் மறுபடியும் முரண் எழும்.

இரண்டாம் முறை கையால் தீர்க்காதீர்கள். வெறும் இடமாற்றம்தான் செய்தீர்கள் என்றால், இரண்டும் ஏறிய பின் அந்தக் கோப்பு பழைய வரிசையில் அந்த இரண்டும் முடிந்த இடத்தில் இருந்ததைப் போலவே இருந்தாக வேண்டும். ஆகவே அங்கிருந்தே அதை செக்கவுட் செய்து எடுத்துக்கொள்ளலாம். இதற்காகத்தான் எப்போதும் சொல்கிறேன்: தொடங்குமுன் கிளையின் நுனியில் ஒரு டேக் (பெயர்க் குறி) இடுங்கள். முடிந்தபின் அந்த டேக்குக்கும் ஹெட்டுக்கும் (இப்போதைய நுனிக்கும்) இடையிலான டிஃப் (வேறுபாடு) வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு வரி வந்தாலும் எங்கோ தவறியிருக்கிறீர்கள்.

கேள்வி: முரண் எதுவும் வராமல் நகர்ந்துவிட்டது. இனிக் கவலையில்லை அல்லவா?

பதில்: அப்போதுதான் கவலைப்பட வேண்டும். ஒரு கமிட் அமைப்புக் கோப்பில் புதிய புலம் ஒன்றைச் சேர்க்கிறது. அடுத்தது வேறொரு கோப்பில் அந்தப் புலத்தைப் படிக்கிறது. கோப்புகள் வேறானதால் இடம் மாற்றினால் கிட் முனகக்கூடச் செய்யாது, இறுதி நிலையும் மாறாது, ஆனால் நடுவில் கம்பைல் ஆகாத ஒரு கமிட் நின்றுகொண்டிருக்கும். ரீபேஸுக்கு எக்ஸெக் விருப்பத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கமிட்டுக்குப் பின்னும் பில்டையும் சோதனைகளையும் ஓடவிடுங்கள். எங்கே உடைகிறதோ அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: ரீபேஸ் செய்தபின் ஒரு கமிட் காணாமல் போய்விட்டது.

பதில்: பட்டியலில் வரியை நகர்த்தும்போது வெட்டியதை ஒட்ட மறந்திருப்பீர்கள். நுனி எங்கெங்கே இருந்தது என்ற பதிவேடான ரீஃப்லாகைப் பாருங்கள். கிளையிலிருந்து எட்ட முடியாத பதிவுகளும் அதில் இயல்பாக 30 நாள் இருக்கும். டேக் இட்டிருந்தால் தேடவே வேண்டியதில்லை.

கேள்வி: பேட்சுகளை (மாற்றத்தை மட்டும் எழுதிய கோப்புகளை) அடுக்கி நிர்வகிக்கும் குவில்ட்டை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா?

பதில்: லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியனின் தொகுப்புகளில் அந்த வடிவம் அன்றாடம் புழங்குகிறது. லினக்ஸ் கெர்னலுக்காக ஆண்ட்ரூ மார்ட்டன் வைத்திருந்த ஸ்கிரிப்டுகளிலிருந்து வளர்ந்தது அது. பேட்சுகளின் வரிசை சீரீஸ் என்ற உரைக்கோப்பில் வரிக்கு ஒன்றாக இருக்கும். பாப் செய்து எல்லாவற்றையும் கழற்றி, வரிகளை இடம் மாற்றி, ஒவ்வொன்றாகப் புஷ் செய்து ஏற்றி, ஒட்டாததைத் திருத்தி ரெஃப்ரெஷ் செய்து பேட்சைப் புதுப்பிக்க வேண்டும். வரிசை மாற்றம் என்றால் என்ன என்பதை விரல்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

கேள்வி: எதற்கு இத்தனை பாடு? நடந்தது நடந்தபடியே வரலாற்றில் இருக்கட்டுமே.

பதில்: மதியம் மூன்று மணிக்கு நீங்கள் செய்த எழுத்துப்பிழைத் திருத்தம் வரலாறு அன்று, குப்பை. படிப்பவருக்கு முதலில் அடித்தளம், பிறகு அதன்மேல் கட்டியது என்று வந்தால்தான் மாற்றம் விளங்கும்.

அவரே மீண்டும்: நான் எழுதிய வரிசையில் ஒவ்வொரு நிலையையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அடுக்கிய வரிசையை யாரும் ஓட்டிப் பார்த்ததே இல்லை. எது உண்மை?

பதில்: இது நியாயமான அடி, ஒப்புக்கொள்கிறேன். இடம் மாறிய கமிட் புதிய கமிட்; பழைய சோதனை அதற்குச் செல்லாது. எக்ஸெக் பற்றி மேலே சொன்னது அதனால்தான். ஆனால் உங்கள் வரிசையிலும் பாதியில் நிறுத்திய கமிட்டுகள் இருக்கின்றன. பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட் ஆயிரம் கமிட்டுகளில் பிழையைச் சுமார் பத்துச் சோதனைகளில் பிடித்துவிடும்; நடுவே கம்பைல் ஆகாதவை குவிந்திருந்தால் அவற்றைத் தாண்டித் தாண்டியே பொழுது போய்விடும்.

அவரே மீண்டும்: மதிப்பாய்வாளர் படித்து முடித்ததை மாற்றினால் அவர் உழைப்பு வீண்தானே?

பதில்: 2018-இல் வந்த 2.19 பதிப்பிலிருந்து ரேஞ்ச்-டிஃப் இருக்கிறது. பழைய வரிசையையும் புதிய வரிசையையும் கமிட்டுக்குக் கமிட் இணைத்து, எது நகர்ந்தது, எது உள்ளே மாறியது என்று காட்டும். அதன் வெளியீட்டை இணைக்காமல் புதிய பதிப்பை அனுப்புவது அவமரியாதை. அந்த அளவில் உங்கள் கோபம் சரி.

கேள்வி: மற்றவர்களும் வேலை செய்யும் கிளையில் வரிசையை மாற்றலாமா?

பதில்: அவர்களிடம் சொல்லாமல் கூடாது. சொன்னபின் அனுப்பும்போது, அங்கே இருப்பதைப் பார்க்காமல் மேலெழுதும் வெறும் ஃபோர்ஸ் வேண்டாம், நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையில் கிளை இருந்தால் மட்டுமே மேலெழுதும் ஃபோர்ஸ்-வித்-லீஸ் பயன்படுத்துங்கள். உங்கள் எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்து புதியதை இறக்கிக்கொண்டிருந்தால் அந்தக் காவலும் பயனற்றுப்போகும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: எந்த வரைகலைக் கருவி நல்லது?

பதில்: நான் எதையும் பயன்படுத்துவதில்லை. பயன்படுத்துபவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ரீபேஸில் என் கமிட் போய்விட்டது, உதவுங்கள்.

பதில்: ரீஃப்லாக். மேலே இருக்கிறது. டேக் இடுவதும் மேலே இருக்கிறது.

கேள்வி: ரீஃப்லாகிலும் இல்லை. உண்மையில் நான் கமிட் செய்யவே இல்லை. ஆட் செய்து கமிட்டுக்குத் தயாராக மட்டும் வைத்திருந்தேன்.

பதில்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆட் செய்த கணத்திலேயே கோப்பின் உள்ளடக்கம் களஞ்சியத்தில் பதிந்துவிடும். களஞ்சியத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை லாஸ்ட்-ஃபவுண்ட் விருப்பத்துடன் ஓட்டுங்கள். பெயரில்லாத துண்டுகளாகக் கிடைக்கும், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதுவரை, வேண்டாததைத் துப்புரவு செய்யும் ஜிசி கட்டளையை ஓட்டிவிடாதீர்கள்.