ஸ்டிக் தானாக நகர்கிறதா? நின்டெண்டோ ஸ்விட்ச்: வாசகர் கேள்வி பதில்

நின்டெண்டோ ஸ்விட்ச் கையிலும் டிவியிலும் விளையாடும் கேம் கன்சோல். அதன் இரு பக்கமும் இருக்கும் கட்டுப்பாட்டுக் கைப்பிடிகள் ஜாய்-கான், அவற்றில் கட்டைவிரலால் தள்ளுவது ஸ்டிக். 2017-ல் வந்த முதல் ஸ்விட்ச், 2019-ன் லைட், 2021-ன் ஓலெட், 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 என நான்கு வகையும் வாசகர்களிடம் இருக்கின்றன. ஸ்விட்ச் 2 என்று தனியாகச் சொல்லாத இடங்களில் பதில் முதல் மூன்றுக்கும் உரியது.

ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் ஆள் இடது பக்கம் நடந்துகொண்டே போகிறான். புது ஜாய்-கான் ஜோடிதான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். வேறு வழியே இல்லையா?
– கோவை வாசகர்

இருக்கிறது. ஜோடி வாங்குவதைக் கடைசிக்கு வையுங்கள்.

ஸ்டிக்குக்குள் கரிப்பூச்சுப் பட்டையின் மேல் சின்ன உலோகக் கால்கள் உரசி நகர்கின்றன. பழைய ரேடியோவின் வால்யூம் திருகி கரகரக்குமே, அதே சங்கதிதான். பூச்சு தேயத் தேய, உதிர்ந்த தூளும் வெளித்தூசியும் சேர்ந்து, நடுநிலையில் நிற்கும் ஸ்டிக்கையும் சாய்ந்திருப்பதாகக் காட்டுகின்றன.

முதலில் எந்த வகைக் கோளாறு என்று பாருங்கள். 'சிஸ்டம் செட்டிங்ஸ்' போய் 'கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ்', அதில் 'கேலிபிரேட் கன்ட்ரோல் ஸ்டிக்ஸ்'. சரிபார்க்க வேண்டிய ஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் வட்டம் ஒன்று தெரியும். கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். புள்ளி நடுவிலிருந்து விலகி ஒரே இடத்தில் அசையாமல் நின்றால், எக்ஸ் பட்டனை அழுத்தி, திரை சொல்கிறபடி அளவுதிருத்தம் செய்தால் போதும். புள்ளி நடுங்கினாலோ, அங்குமிங்கும் தாவினாலோ அளவுதிருத்தத்தால் பயனில்லை. அது நடுப்புள்ளி எது என்பதை மட்டுமே மாற்றும், தேய்ந்த பூச்சைத் திருப்பித் தராது.

அடுத்தது சுத்தம் செய்தல். கன்சோலை முழுதாக அணைத்து, ஜாய்-கானைக் கழற்றுங்கள். ஸ்டிக்கின் அடியில் இருக்கும் ரப்பர் விளிம்பை இடுக்கியால் லேசாகத் தூக்கி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரும் சரி. ஸ்டிக்கை இரண்டு பக்கமும் நன்றாகச் சுழற்றிவிட்டு, ஒரு மணி நேரம் உலர வைத்த பிறகு அளவுதிருத்தம் செய்யுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டும் வேண்டவே வேண்டாம். அன்றைக்குச் சரியானதுபோல் இருக்கும், பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு முன்பைவிட மோசமாகும். ஆல்கஹாலும் தூளைத்தான் கழுவும். பூச்சு நிறையத் தேய்ந்திருந்தால் கோளாறு திரும்ப வரும்.

அப்போது ஸ்டிக்கை மட்டும் மாற்றுங்கள். இடது, வலது ஜாய்-கான் இரண்டுக்கும் ஒரே ஸ்டிக்தான் பொருந்தும். வெளியே இருக்கும் நான்கு ஸ்குரூவுக்கும் மூன்று கால் முனையுள்ள ஒய்00 ஸ்குரூடிரைவர் வேண்டும், உள்ளே இருப்பவற்றுக்குப் பிஎச்000. சாதாரண நட்சத்திர முனையை வைத்து அமுக்கித் திருகினால் தலை வழுக்கிப்போகும், அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பின்மூடியைப் புத்தகம் விரிப்பதுபோல மெதுவாகத் திறங்கள், இரண்டு பாதிக்கும் நடுவே மெல்லிய ரிப்பன் கேபிள்கள் ஓடுகின்றன. கை வைக்கும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிளாஸ்டிக் முனையால் கழற்றுவது. ஸ்டிக்கின் ரிப்பனைப் பிடித்திருக்கும் சின்னத் தாழ்ப்பாளை மேலே தூக்கிய பிறகே ரிப்பனை இழுக்க வேண்டும். இங்கேதான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். தாழ்ப்பாள் முறிந்தால் ஸ்டிக்கோடு நிற்காது, போர்டையே மாற்ற வேண்டிவரும். ஸ்குரூக்களின் நீளம் ஒன்றுபோல் இருக்காது, எடுத்த வரிசையில் ஒரு தாளில் ஒட்டி வையுங்கள்.

புது ஸ்டிக் வாங்கும்போது 'ஹால் எஃபெக்ட்' வகையாகக் கேட்டு வாங்கலாம். காந்தத்தால் நிலையறிவது, அதில் உரசித் தேயும் பூச்சு இல்லை. பொருத்தியபின் அளவுதிருத்தம் செய்ய மறக்காதீர்கள்.

இதே கோளாறு லைட்டில் வந்தால்?
– தூத்துக்குடி வாசகி

அளவுதிருத்தமும் ஆல்கஹாலும் அப்படியே பொருந்தும். ஆனால் லைட்டில் ஜாய்-கான் கழன்று வராது, ஸ்டிக்கை மாற்ற உடலையே பிரிக்க வேண்டும். முதல் தடவை ஸ்குரூடிரைவர் பிடிப்பவர் லைட்டில் பழக வேண்டாம், கடையில் கொடுத்துவிடுங்கள்.

லண்டனில் இருக்கிறோம். வாரண்டி முடிந்து வெகுகாலம் ஆயிற்று. ஸ்டிக் கோளாறுக்கு இங்கே ஏதாவது சலுகை உண்டா?
– லண்டன் வாசகர்

உண்டு. பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளில் வாங்கிய ஜாய்-கானின் இந்தக் கோளாறை, வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்வதாக நின்டெண்டோ 2023-ல் அறிவித்தது. மறு அறிவிப்பு வரும்வரை என்பது நிபந்தனை. ஆகவே அனுப்பும் முன் அவர்களுடைய சேவைப் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். நீங்களாக ஜாய்-கானைத் திறந்து வைக்காதீர்கள்.

டாக்கில் வைத்தால் சார்ஜ் ஏறுகிறது, டிவியில் படம் வரவில்லை. என் போன் சார்ஜரைத்தான் டாக்கில் செருகியிருக்கிறேன்.
– மதுரை வாசகர்

கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. டிவிக்குப் படம் அனுப்ப, டாக் (கன்சோலை வைத்து டிவியோடு இணைக்கும் தாங்கி) 15 வோல்ட் கேட்கும். ஸ்விட்ச்சோடு வரும் அடாப்டர் 15 வோல்ட்டில் 2.6 ஆம்பியர், அதாவது 39 வாட் தருகிறது. பல போன் சார்ஜர்கள் 5 அல்லது 9 வோல்ட்டோடு நின்றுவிடும். கன்சோல் மெதுவாகச் சார்ஜ் ஆகும், டாக் மட்டும் விழிக்காது. வேறு சார்ஜர்தான் போட வேண்டும் என்றால், அதன் முதுகில் 15 வோல்ட், 3 ஆம்பியர் என்றும், பவர் டெலிவரி (PD) என்றும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் வேலை செய்யும்.

ஒரிஜினல் அடாப்டரிலும் படம் வராவிட்டால், அடாப்டரைச் சுவரிலிருந்தும் டாக்கிலிருந்தும் கழற்றி அரை நிமிடத்துக்கு மேல் விடுங்கள். அடாப்டரின் பாதுகாப்புச் சுற்று சிக்கிக்கொண்டிருந்தால் விடுபடும். பிறகு முதலில் அடாப்டர், அடுத்து எச்டிஎம்ஐ, கடைசியாகக் கன்சோல் என்ற வரிசையில் இணையுங்கள். அடாப்டரை நேராகச் சுவரில் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அல்ல. அதற்கும் மசியாவிட்டால் டிவியில் வேறு எச்டிஎம்ஐ துளை, வேறு கேபிள். டிவிதான் காரணமா என்று பார்க்க, 'டிவி ரெசல்யூஷன்' அமைப்பை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள்.

மலிவான மாற்று டாக் பற்றி ஒரு வார்த்தை. 2018-ல் கன்சோலின் மென்பொருளுக்கு 5.0 அப்டேட் வந்தபோது, எவ்வளவு மின்சாரம் என்று கன்சோலோடு முறைப்படி பேசி முடிவுசெய்யாத சில வெளி டாக்குகள் கன்சோலையே சாகடித்தன. அந்தச் செலவுக்குப் பழைய ஒரிஜினல் டாக் மேல்.

லைட்டை டிவியில் இணைக்க ஏதோ கேபிள் விற்கிறார்கள். வாங்கலாமா?
– யாழ்ப்பாணம் வாசகர்

வேண்டாம். லைட்டுக்குப் படத்தை வெளியே அனுப்பும் வசதியே இல்லை. எந்தக் கேபிளும் அதைத் தர முடியாது.

ஜப்பானிலிருந்து உறவினர் வாங்கி வருகிறார். நம் ஊர் மின்சாரத்துக்குத் தாங்குமா? இங்கே வாங்கும் கேம் ஓடுமா?
– திருச்சி வாசகி

அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். தட்டையான இரண்டு கால் பிளக்கை மாற்றும் முனை ஒன்று போதும், வோல்டேஜ் கன்வர்ட்டர் தேவையில்லை.

ஜப்பானில் ஸ்விட்ச் 2 வாங்கினால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அங்கே இரண்டு வகை விற்கிறது. 49,980 யென் விலையில் வெளியானது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள வகை. அதில் ஆங்கில மெனு கிடையாது, ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டுமே ஏற்கும். பன்மொழி வகை 69,980 யென்னுக்கு வந்தது. விலை குறைவைப் பார்த்து முதலாவதை வாங்கிவந்தால், அப்புறம் மாற்ற வழியில்லை.

கேம் கார்டுகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை, எந்த ஊர்க் கார்டும் ஓடும். சிக்கல் வருவது டிஎல்சியில், அதாவது கேமுக்குப் பிறகு தனியாக வாங்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதிகளில். கார்டு எந்தப் பகுதியுடையதோ அதே பகுதிக் கணக்கில்தான் டிஎல்சி வாங்க வேண்டும். கார்டின் முகப்பில் அச்சிட்ட குறியீடு 'யுஎஸ்ஏ', 'ஜேபிஎன்' என்பதுபோல முடியும். முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

32 ஜிபி நிரம்பிவிட்டது. 1 டிபி மெமரி கார்டு மிக மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா? கேம் சேவ் எல்லாம் அதற்கே போய்விடுமா?
– சேலம் வாசகர்

சேவ் எப்போதும் கன்சோலுக்குள்தான் இருக்கும், மெமரி கார்டுக்குப் போகாது. கார்டு பழுதானால் கேமைத் திரும்ப டவுன்லோடு செய்தால் போதும். கன்சோல் பழுதானால் சேவ் போச்சு. ஆன்லைன் சந்தா இருந்தால் கிளவுடில் நகல் இருக்கும், ஆனால் சில கேம்களுக்கு அந்த வசதி கிடையாது.

யூஎச்எஸ்-1 மைக்ரோஎஸ்டி கார்டு போதும், கன்சோல் 2 டிபி வரை ஏற்கும். விலை நம்ப முடியாத அளவு குறைவு என்றால் அது போலிதான். 32 ஜிபி சில்லை வைத்து 1 டிபி என்று காட்டும்படி செய்திருப்பார்கள். நிரம்பும்வரை எல்லாம் சரியாகத் தெரியும், அதன்பின் எழுதுவதெல்லாம் பாழ். வாங்கியவுடன் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

பழைய கார்டிலிருந்து புதியதற்கு மாற, கன்சோலை முழுதாக அணைத்துக் கார்டை எடுங்கள். அதிலுள்ள 'நின்டெண்டோ' கோப்புறையைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்து, புதுக் கார்டைக் கன்சோலிலேயே ஃபார்மேட் செய்து, அதில் ஏற்றுங்கள். இது அதே கன்சோலுக்கு மட்டும். நண்பரின் ஸ்விட்ச்சில் போட்டால் ஓடாது.

ஸ்விட்ச் 2-க்கு இந்தக் கார்டுகள் உதவா. கேம் வைக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டே வேண்டும்.

மே மாதத்தில் 'சூடாகிவிட்டது' என்று சொல்லித் தானே உறங்கிவிடுகிறது. பழுதா?
– வேலூர் வாசகர்

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. நின்டெண்டோ சொல்லும் பயன்பாட்டு வெப்பம் 5 முதல் 35 டிகிரி செல்சியஸ். வேலூர் மே மாதம் அதை எப்போதோ தாண்டியிருக்கும். காற்று பின்பக்கம் நுழைந்து மேல்விளிம்பு வழியே வெளியேறுகிறது. மெத்தையில் வைத்தாலும், கனமான உறை போட்டாலும் அந்த வழி அடைபடும். சார்ஜ் போட்டபடி விளையாடுவதை நிறுத்துங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். மேல்விளிம்புத் துளையில் படிந்த பஞ்சை மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று பிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் பூத்துப் போர்டே போகும். மின்விசிறி முன் வைத்தால் போதும்.

அலமாரியில் ஓராண்டு கிடந்தது. இப்போது ஆன் ஆகவே மறுக்கிறது.
– சிங்கப்பூர் வாசகி

முதலில் பக்கவாட்டில் பாருங்கள். முதுகு உப்பியோ, திரை தூக்கிக்கொண்டோ இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாமல் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வீக்கம் இல்லையென்றால் டாக் வேண்டாம், ஒரிஜினல் அடாப்டரை நேராகக் கன்சோலில் செருகிச் சில மணி நேரம் விடுங்கள். அடியோடு காலியான பேட்டரி மிக மெதுவாகத்தான் ஏறத் தொடங்கும், திரை வெகுநேரம் கறுப்பாகவே இருக்கும். பிறகு பவர் பட்டனை 12 விநாடிக்கு மேல் அழுத்தி, விட்டு, மறுபடி ஒருமுறை அழுத்துங்கள். அப்போதும் உயிர் வராவிட்டால் சார்ஜ் துளையின் முள்ளோ, மின்சாரத்தைப் பேசி வாங்கும் எம்92டி36 என்ற சில்லோ, பேட்டரியோ போயிருக்கலாம். யூஎஸ்பி மீட்டர் வைத்து எத்தனை வோல்ட் ஏறுகிறது என்று பார்க்கத் தெரிந்த கடைக்குக் கொடுங்கள். பார்க்காமலே "போர்டு போச்சு" என்று சொல்பவரிடம் வேண்டாம்.

இனி பயன்படுத்தாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் போடுங்கள்.

பழைய ஸ்விட்ச் வாங்கப் போகிறேன். எதைச் சோதிக்க வேண்டும்?
– கோலாலம்பூர் வாசகர்

வைஃபையில் இணைத்து, நின்டெண்டோவின் ஆன்லைன் கடையான ஈஷாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். 2124-4007 என்ற பிழை எண் வந்தால் அந்தக் கன்சோலை நின்டெண்டோ ஆன்லைனிலிருந்து தடை செய்திருக்கிறது, உங்களால் நீக்க முடியாது. 'டெஸ்ட் இன்புட் டிவைசஸ்' போய் எல்லாப் பட்டனையும் தொடுதிரையையும் பாருங்கள். கையோடு ஒரு கேம் கார்டு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஜாய்-கானும் தண்டவாளத்தில் 'கிளிக்' என்று பூட்டுகின்றனவா, கழற்றும் பட்டனை அழுத்தாமல் மேலே இழுத்தாலும் கழலாமல் நிற்கின்றனவா என்பதும் முக்கியம். ஓலெட் என்றால் திரையின் மேல் தொழிற்சாலையிலேயே ஒட்டிய படலம் ஒன்று இருக்கும். கண்ணாடி உடைந்தால் சிதறாமல் காப்பது அதுதான், ஸ்டிக்கர் என்று நினைத்து உரிக்காதீர்கள்.

குழந்தை கேம் கார்டை வாயில் வைத்துவிட்டு ஒரே அழுகை. விஷமா?
– திருநெல்வேலி வாசகி

விஷம் இல்லை. குழந்தைகள் விழுங்கக் கூடாது என்பதற்காகவே கார்டின் மேல் டெனட்டோனியம் பென்சோயேட் என்ற கடும் கசப்புப் பொருளைப் பூசியிருக்கிறார்கள். வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுங்கள், கசப்பு கொஞ்ச நேரம் நிற்கும். கார்டின் தங்கநிறத் தொடுமுனைகளில் எச்சில் பட்டிருந்தால் மெல்லிய உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கன்சோலில் செருகுங்கள்.