ஒன்பதாம் வகுப்பு மகளுக்குச் சனி, ஞாயிறு வகுப்பு: சேர்க்கலாமா, வேண்டாமா?

செங்கல்பட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "டீச்சர், என் மகள் 9ஆம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். கணக்கு நன்றாக வரும், அவளுக்குப் பிடிக்கவும் செய்யும். எங்கள் ஊரில் ஒரு கோச்சிங் சென்டரில் ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் என்று சனிக்கிழமை முழுநாளும் ஞாயிறு அரைநாளும் வகுப்பு எடுக்கிறார்கள். வருடத்துக்கு 70,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்களாம். அவளுடைய வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். இப்போது விட்டுவிட்டுப் பின்னால் வருத்தப்படுவோமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் சேர்க்க வேண்டாம். ஆனால் அவளுடைய சனிக்கிழமையைச் சும்மா விடவும் வேண்டாம். கணக்கு பிடித்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிடித்தத்துக்குத் தீனி போட வேண்டிய வயது இது.

வார இறுதி வகுப்பு என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான வகுப்புகள் நடக்கின்றன. ஒன்று, 11ஆம் வகுப்பில் வரப்போகும் பாடத்தை 9இலேயே கொண்டுவந்து கொட்டுவது. இன்னொன்று, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்துக்கொண்டே அவளை ஆழமாக யோசிக்க வைப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதே வெள்ளைப் பலகை, அதே தடித்த புத்தகம். உள்ளே போய் உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

என் சனிக்கிழமை வகுப்பில் பல வருடமாக நான் கொடுத்துவரும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். 1 முதல் 10 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 3628800 வரும், கடைசியில் இரண்டு பூஜ்ஜியம். சரி, 1 முதல் 25 வரை பெருக்கினால் கடைசியில் எத்தனை பூஜ்ஜியம்? முதலில் பிள்ளைகள் பெருக்க ஆரம்பிப்பார்கள், நாலைந்து வரியில் நோட்டுப் பக்கம் குழம்பிப்போகும், அப்புறம் யாராவது ஒருத்தி நிமிர்ந்து பார்த்து "மிஸ், 2ஐயும் 5ஐயும் பெருக்கினால்தானே பூஜ்ஜியம் வருது, 2 நிறைய இருக்கு, 5ஐ மட்டும் எண்ணினால் போதாதா?" என்பாள். எண்ணுவார்கள். 5, 10, 15, 20, 25. ஐந்து பூஜ்ஜியம் என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். நான் பலகையில் முழு விடையையும் எழுதுவேன்: 15511210043330985984000000. ஆறு பூஜ்ஜியம்! அந்த நிமிடத்தில் வகுப்பில் விழும் அமைதி இருக்கிறதே, அதற்காகத்தான் நான் சனிக்கிழமை தவறாமல் போகிறேன். ஆறாவது எங்கிருந்து வந்தது என்று அவர்களாகவே தேடி, 25க்குள் இரண்டு 5 ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இதையே ஒரு ஃபவுண்டேஷன் வகுப்பில் மூன்று நிமிடத்தில் முடித்துவிடலாம். சூத்திரம் இது, இப்படிப் போடு, அடுத்த கணக்கு. விடை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு சின்ன மாற்றத்தோடு கேட்டுப் பாருங்கள், சூத்திரமாக வாங்கிய பிள்ளை முழிக்கும், தானாகக் கண்டுபிடித்த பிள்ளை மறுபடியும் கண்டுபிடிக்கும். எல்லாக் கோச்சிங் ஆசிரியர்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, மிக நல்ல ஆசிரியர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் வாரத்துக்கு இத்தனை பாடம் முடித்தாக வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்த இடத்தில், ஒரு கணக்குக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க அவர்களாலும் முடியாது.

ஐ.ஐ.டி.யில் சேர எழுத வேண்டிய ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு பெரும்பாலும் 11, 12ஆம் வகுப்புப் பாடங்களிலிருந்துதான் வருகிறது. அதற்கு 9, 10ஆம் வகுப்பில் வேண்டியது இயற்கணிதத்தில் கை பழகியிருப்பது, வடிவியலில் ஒரு நிரூபணத்தைத் தானே எழுதத் தெரிவது, தெரியாத கணக்கின் முன்னால் பயப்படாமல் உட்கார்வது, இவ்வளவுதான். இதற்கு 70,000 ரூபாய் தேவையில்லை. 10ஆம் வகுப்பு முடிந்த பிறகு, எனக்கு இன்ஜினியரிங் வேண்டும் என்று அவளே சொன்னால், அப்போது கோச்சிங் பற்றிப் பேசிக்கொள்ளலாம். அதுவரை நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை.

பல பெற்றோருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் கோச்சிங் மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது, 10ஆம் வகுப்புத் தேர்வு முடிந்த பிறகுதான் சேர்க்கை என்று அதில் இருக்கிறது. முழுக் கட்டணமும் கட்டிய மாணவர் பாதியில் விலகினால், மீதிக் காலத்துக்கான பணத்தைக் கணக்குப் பார்த்து 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. நெறிமுறைதான், நேரடியாகச் சட்டம் அல்ல, நடைமுறைக்குக் கொண்டுவருவது மாநில அரசுகளின் கையில். என்றாலும் இன்றோ நாளையோ எந்த மையத்துக்குப் போனாலும், "பாதியில் நின்றால் பணம் எப்படித் திரும்பக் கிடைக்கும், எழுத்தில் தருவீர்களா?" என்று கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி. மாதாமாதம் கட்டினால், பிடிக்கவில்லை என்று பிள்ளை சொல்லும்போது அதைக் காது கொடுத்துக் கேட்க முடியும். மொத்தமாகக் கட்டிய வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லவே பிள்ளை பயப்படும். இப்படி வாயடைத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, சனிக்கிழமைக்கு என்ன செய்வது? சென்னை திருவல்லிக்கேணியில் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் இருக்கிறது, 1965இல் தொடங்கியது. தேசிய அளவில் ஒரு கணிதத் திறன் போட்டியை அவர்கள் நடத்துகிறார்கள், அதில் 9, 10ஆம் வகுப்புக்கு ஜூனியர் என்று தனிப் பிரிவு உண்டு. உங்கள் மகளின் கணக்கு டீச்சரிடம் சொல்லிப் பள்ளி மூலமாகப் பதியச் சொல்லுங்கள். அதற்கு மேலே போக வேண்டுமானால் ஐ.ஓ.க்யூ.எம். இருக்கிறது, கணித ஒலிம்பியாடுக்கான முதல் படி. மூன்று மணி நேரம், 30 கேள்வி, 100 மதிப்பெண். நுண்கணிதம் எதுவும் வராது. எண் கோட்பாடு, இயற்கணிதம், வடிவியல், எண்ணும் முறைகள் இவைதான். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மதிப்பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கொடுக்காதீர்கள், முதல் வருடம் 30இல் நாலு கணக்கைத் தானாகப் போட்டாலே நான் மனமார மெச்சுவேன். வாரத்துக்கு மூன்றே மூன்று கணக்கு, சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், முடிந்தால் இன்னும் இரண்டு தோழிகளைக் கூட்டிக்கொண்டு. தனியாகப் போடும் பிள்ளை சீக்கிரம் சலித்துவிடும், இன்னொருத்திக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் தனக்கே எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை கோட்டூர்புரம் கூட்டிப்போங்கள். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் கிண்டி வந்தால் அங்கிருந்து பஸ். பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் பிர்லா கோளரங்கமும் ஒரே வளாகம், அதே சாலையில் அண்ணா நூற்றாண்டு நூலகம். காலையில் கோளரங்கம், மதியம் நூலகம், எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதை அவளிடமே விட்டுவிடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழையும் வீட்டுக்கு வரவழையுங்கள், 1987இலிருந்து சிறுவர்களுக்கு அறிவியல் சொல்லிவரும் இதழ் அது.

அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் 8ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். பள்ளியிலேயே சனிக்கிழமை என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி நடந்தால் கண்டிப்பாக அனுப்புங்கள். தேர்வானால் 9 முதல் 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. குடும்ப வருமான வரம்பு உண்டு, தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையை முழுசாக விட்டுவிடுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், வாரநாளில் அது கிடைக்கவே கிடைக்காது. தூங்கட்டும், பாட்டி வீட்டுக்குப் போகட்டும், சும்மா படுத்திருக்கட்டும்.

அப்படியும் அந்த கோச்சிங் சென்டரைப் பார்த்துவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டால், சேர்க்கை அறையில் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். நடக்கும் வகுப்பில் மகளை ஒரு சனிக்கிழமை உட்கார வையுங்கள். வந்ததும் என்ன நடத்தினார்கள் என்று கேட்காதீர்கள், நீ என்ன கேட்டாய் என்று கேளுங்கள். அவள் நோட்டைத் திறந்து பாருங்கள், அடித்துத் திருத்தின இடங்கள் இருக்கின்றனவா, அல்லது பலகையில் இருந்தது அப்படியே அழகான கையெழுத்தில் இறங்கியிருக்கிறதா? அழகாக இருந்தால் அவள் அங்கே யோசிக்கவில்லை, பார்த்து எழுதியிருக்கிறாள்.

முதலில் இந்தச் சனிக்கிழமை ஒன்று செய்யுங்கள். 1 முதல் 100 வரை பெருக்கினால் கடைசியில் எத்தனை பூஜ்ஜியம் என்று மட்டும் கேட்டுவிட்டு, சமையலறைக்குப் போய்விடுங்கள். விடை 24. அவளிடம் சொல்லாதீர்கள். எவ்வளவு நேரம் விடாமல் உட்கார்ந்திருந்தாள், முதலில் என்ன விடை சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன கணக்கு கொடுப்பது என்று சொல்கிறேன்.