ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் நான்கு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். வயது 27. தினமும் வேலை தொடங்கும் முன் முதலாளி நடத்தும் பிரார்த்தனையில் எல்லோரும் நிற்க வேண்டும். நம்பிக்கை இல்லாவிட்டாலும் நின்றுவந்தேன். எனக்குப் பெண்கள்மீதுதான் ஈர்ப்பு. போனில் வந்த மெசேஜைப் பார்த்துவிட்டு, பக்கத்து சீட்காரர் முதலாளியிடம் சொல்லிவிட்டார். இப்போது எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை நடக்கிறது. தனியே கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கிறார். வாரம் ஒருநாள் சிறப்புப் பிரார்த்தனைக்கு வந்து 'குணமாக' வேண்டுமாம். மறுத்தால் ராஜினாமா எழுத வேண்டும், ஊத்தங்கரையில் இருக்கும் அப்பாவுக்கும் போன் போகும் என்கிறார். எந்த மதம் என்று போட வேண்டாம்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தோழிக்கு,

எந்த மதமாக இருந்தாலும் என் பதில் இதுதான். கும்பிடுவதும் கும்பிடாததும் உங்கள் விருப்பம். அவர் சம்பளம் கொடுப்பது நீங்கள் பார்க்கும் கணக்குக்கு.

முதலில், எவ்வளவு அழுத்தினாலும் ராஜினாமா எழுதாதீர்கள், வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களாகவே விலகியதாகக் காகிதம் இருந்தால், பிறகு தொழிலாளர் துறையில் போய் நிற்பதே கஷ்டம். நீக்குவதென்றால் அவரே எழுத்தில் நீக்கட்டும்.

அப்புறம், நீங்கள் குணமாக வேண்டிய நோய் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஒருவரின் ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை தரும் முயற்சிகளுக்கு 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை சொன்னது. டாக்டரே செய்யக் கூடாததை உங்கள் முதலாளி செய்யப் பார்க்கிறார்.

சட்டத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். 2018-ல் உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவின் பிடியிலிருந்து உங்களைப் போன்றவர்களை விடுவித்தது. ஆனால் தனியார் நிறுவனத்தில் ஈர்ப்பைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம். இருந்தாலும் உங்கள் கையில் வேறு இரண்டு பிடி இருக்கிறது.

ஒன்று, அந்தத் தனியறைக் கேள்வி. அது அக்கறையில் கேட்டது இல்லை. பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் வரும். முதலாளி மீதே புகார் என்பதால், ஃபேக்டரிக்குள் இருக்கும் குழுவிடம் போக வேண்டாம். மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் சமூக நலப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். உங்கள் பெயரை வெளியே விடக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. புகாரில் உங்கள் ஈர்ப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. அவர் என்ன கேட்டார், எப்போது, எங்கே என்பது போதும்.

இரண்டு, அப்பாவிடம் சொல்வேன் என்ற மிரட்டல். ஒருவர் பெயரைக் கெடுப்பதாகப் பயமுறுத்தி, செய்ய வேண்டிய கடமை இல்லாததைச் செய்ய வைப்பது குற்ற மிரட்டல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 351-வது பிரிவைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; 15100-க்குப் பேசினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவோடு இணைப்பார்கள். ஃபேக்டரி போனில் பேச வேண்டாம்.

இன்றிரவே ஒரு நோட்டில் தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அழிக்காமல் இன்னொரு இடத்திலும் வையுங்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், பி.எஃப். எண் வீட்டில் இருக்கட்டும். போனுக்குப் பூட்டும் போடுங்கள்.

அப்பாவிடம் இதைப் பேசத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்களுக்குத் தோன்றும் நாளில், உங்கள் வாயால் நடக்க வேண்டியது. ஆனால் போன் வந்துவிட்டால் உங்கள் பக்கம் நிற்க அக்காவோ, அத்தையோ, ஒரு தோழியோ முன்கூட்டியே விஷயம் தெரிந்தவராக இருக்கட்டும். அன்றைக்கு வீட்டில் இருக்க முடியாமல் போனால் யார் வீட்டுக்குப் போவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

இத்தனை செய்தும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றால், அதில் தோல்வி எதுவும் இல்லை. நான்கு வருடக் கணக்கு அனுபவத்துக்கு ஓசூரில் வேலை தேடுங்கள். புது இடத்து ஆர்டர் கைக்கு வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள். அதில் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.