கிரேக்கமும் ரோமும் படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்ற மகள், பொறியியல் வேண்டாம், பண்டைய கிரேக்க, ரோமானிய உலகத்தைப் படிக்கிறேன் என்கிறாள். இதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று கவலையோடு கேட்டிருக்கிறீர்கள். அந்தப் படிப்பின் பெயரைச் சொல்லி ஆள் எடுக்கும் விளம்பரங்கள் மிகக் குறைவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது கொண்டுசேர்க்கும் துறைகள் நம் கைக்கு எட்டாதவை அல்ல.

பேரரசர் ஜஸ்டினியன் 6ஆம் நூற்றாண்டில் தொகுப்பித்த ரோமானியச் சட்டமே ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் உரிமையியல் சட்டத்துக்கு அடிப்படை. அந்த மரபில் வந்த ரோமன்-டச்சுச் சட்டம் இலங்கை நீதிமன்றங்களில் இன்றும் வழக்கில் உள்ளது. குடிமைப் பணித் தேர்வில் அரசியல் அறிவியலையோ தத்துவத்தையோ விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் படித்தாக வேண்டும்.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது தொல்லியல். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியின் வணிகம் தொடர்பாகக் கிரேக்க மொழியில் பாப்பிரஸ் தாளில் எழுதப்பட்ட 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு அதில் கணக்கிடப்பட்டுள்ளது. யவனர் எனப்பட்ட கிரேக்க, ரோமானியரின் கலம் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’, அதாவது பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்வது இந்த வணிகத்தைத்தான். எகிப்தின் செங்கடல் கரையில், குசேர் அல்-காதிமில், ‘பானை ஒறி’ என்று தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் பொறித்த பானை ஓடே கிடைத்திருக்கிறது. ஒறி என்பது நம் வீட்டு உறிதான். பாப்பிரஸையும் பாடலையும் மொழிபெயர்ப்பின் துணையின்றி ஒருசேரப் படிக்கக்கூடிய ஆய்வாளர்கள் நமக்கு மிகவும் தேவை. சங்கத் தமிழோடு கிரேக்கமும் கற்றால் உங்கள் மகள் அவர்களில் ஒருவராகலாம்.

இளங்கலையில் வரலாறு, முதுகலையில் தொல்லியல், இடையில் விடாமல் மொழிப் பயிற்சி என்பது நம் ஊரிலிருந்தே தொடங்கக்கூடிய வழி. ஆக்ஸ்போர்டில் இத்துறைக்கான 4 ஆண்டுப் படிப்பில், பள்ளியில் கிரேக்கமோ லத்தீனோ படிக்காதவர்களுக்கும் இடமுண்டு என்றாலும், உதவித்தொகை உறுதியாகாமல் வீட்டை அடமானம் வைத்து அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

கல்லூரி திறக்கும்வரை தினமும் ஒரு மணி நேரம் அவர் லத்தீன் படித்துப் பார்க்கட்டும். வேற்றுமைகளையும் வினைத்திரிபுகளையும் மனப்பாடம் செய்யும் அந்த வாரங்களுக்குப் பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால், தயங்காமல் வரலாற்றுத் துறைக்கு விண்ணப்பம் வாங்குங்கள்.